கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

தல்காவே துறையில் மழை
மேலிருந்து விழாது.
பக்கவாட்டில் வந்து சட்டைக்குள் கை விடும்.
அதற்குள் நின்றபடிதான் ஒருவன்
என் பக்கத்தைத் திறப்பான் என்று
நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மூன்று வாரம் ஒரு சாம்பல் நிறத்தைத் தேடினேன்.
விடியுமுன் கால்வாய் நீர் கொள்ளும் சாம்பல்.
வெள்ளைமேல் அதை எழுத்தாக வைத்தபோது
திரை மெல்ல மூச்சு விட்டதுபோல் இருந்தது.
எலும்பு மெலிந்த எழுத்துரு,
சுற்றிலும் வெற்றிடம்,
நடுவில் படகு ஒன்று, படமாக.
நேரப்பட்டியலை ஒரு மூலையில்
மூன்று சிறு கோடுகளுக்குள் மடித்து வைத்தேன்.
தேடிக் கண்டெடுப்பதும் ஒரு சுகம்தானே.

மாலை வகுப்பில் கைதட்டினார்கள்.
அயிலின் மட்டும் கேட்டாள்:
“கடைசிப் படகு எத்தனை மணிக்கு?”
“அதுவா, இங்கே அழுத்தி, இப்படி நகர்த்தி…”
“உன்னைக் கேட்கவில்லை,
அதைக் கேட்டேன்.”

அந்த வாரப் பாடம் இவ்வளவுதான்:
முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடு.
வாயைத் திறக்காதே.

எலியெசர் நாவெல்கின்.
சிப்பி விற்றுத் தீர்ந்த வெறுஞ்சாக்கு தோளில்.
கம்பளிக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
விரலைக் கால்சட்டையில் துடைத்து
தன் கைபேசியிலேயே திறந்தார்.
குறுக்கே விரிசல் ஓடிய திரை,
மின்கலம் மிச்சம் பிடிக்க
மங்க வைத்த வெளிச்சம்.
“ஒன்றும் எழுதலையே?”

என் சாம்பல், மழையோடு மழையாகப் போயிருந்தது.

படகுப் படத்தை அழுத்தினார்.
படகு என்றால் எங்காவது போக வேண்டுமே.
போகவில்லை.
மறுபடி அழுத்தினார்.
மூன்று கோடுகளை
விரிசலின் கிளைகள் என்று எண்ணி விட்டுவிட்டார்.
கட்டைவிரல் ஒரே நேரத்தில்
இரண்டு பொத்தான்களில் இறங்கி
‘எங்கள் கனவு’ என்ற பக்கம் விரிந்தது.
உள்ளங்கையில்தான் இருந்தது;
நெல்லிக்கனியாகத்தான் இல்லை.

நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
“மன்னிக்கணும்,
எனக்கு இதெல்லாம் வராது.”

என்னுடையது அந்த மன்னிப்பு.
ஆள் மாறி அவர் வாயில் வந்துவிட்டது.

சங்கு ஊதியது.
இருவரும் நிமிர்ந்தோம்.
கரைக்கும் படகுக்கும் இடையில்
இரண்டு ஆள் நீளத் தண்ணீர், பிறகு நான்கு,
பிறகு அளக்க ஒன்றுமில்லை.

சந்தைச் சமையற்கூடத்தில் அவருக்குச் சூப் வாங்கினேன்.
சோய்லாவின் அடுப்புக்கு மேலே
ஈரத்தில் உப்பிய பலகை.
அகப்பை உயரத்துக்குச் சுண்ணக்கட்டி எழுத்து:
கடைசி ஐந்தரை.
அதன் கீழே, இடம் மிச்சம் இருந்ததால்,
நீலத்தில் ஒரு மீன்.
எட்டு மாதமாக இங்கே சாப்பிடுகிறேன்.
மீன் அழகாக இருந்தது.
யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை.

காகிதத்தில் அவர் கட்டைவிரலை வைக்கச் சொல்லி
சுற்றி வரைந்துகொண்டேன்.
“காவல் நிலையத்துக்கா?” என்று சிரித்தார்.
அன்றிரவு பொத்தான்கள் அந்த அளவுக்குப் பெருத்தன.
எழுத்து கறுத்தது.
கனவைத் தூக்கி அடியில் போட்டேன்.
மேலே, வேறெதுவும் இல்லாமல், நேரம்.
சாம்பலை மொத்தமாக விட மனம் வரவில்லை;
நேரத்துக்குக் கீழே
ஒற்றைக் கோடாக வைத்துக்கொண்டேன்.
அது எனக்கு.

செவ்வாய்க்கிழமை அதே துறை, அதே மழை.
எலியெசர் திறந்தார், பார்த்தார்,
பையில் போட்டுக்கொண்டார்.
திரையில் விழுந்த துளி
பாதி வழிகூட இறங்கியிருக்காது.
எப்படி இருக்கிறது என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள்
ஏறிவிட்டிருந்தார்.

கூத்தாட வேண்டும்போல் இருந்தது.
ஆடியும் இருப்பேன்.
அதற்குள் அயிலினிடமிருந்து செய்தி:
ஞாயிற்றுக்கிழமை நேரம் தப்பு.